கள்ளிக்கரட்டில் விளைந்த இரும்பு

சர்க்கார் ஆபீஸ் என்றால் முதலில் வேலை என்று ஒன்று இருக்கும், அதைச் செய்ய ஆபீஸ் வரும், ஆபீசுக்கு நாற்காலி வரும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் யுத்தகாலத்து மதுரையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் போர்க்காலக் கனிமப் பொறியியல் ஆராய்ச்சிக் கிளை திறந்தபோது முதலில் வந்தது யந்திரம். பிறகு அதற்கு எண்ணெய் போட ஆள் வந்தான். பிறகு டைரக்டர் வந்தார். அரைக்க வேண்டிய கல் மட்டும் வரவில்லை.

அது நுரைமிதப்பு யந்திரம். கல்லை மாவாக இடித்து, தண்ணீரில் கலக்கி, நுரை பொங்க அடித்தால், சத்தெல்லாம் நுரையோடு மேலே வரும், சக்கையெல்லாம் கீழே தங்கும். மேல்நாட்டில் செம்புக்கும் ஈயத்துக்கும் இதுதான் வழி. மதுரை வட்டாரத்தில் செம்பும் கிடையாது, ஈயமும் கிடையாது. ஆனால் வந்த யந்திரத்தைத் திருப்பி அனுப்புவது யுத்த முயற்சிக்கு இடைஞ்சல் என்று கருதப்பட்டது.

டைரக்டர் சொக்கநாதன் சில மாதங்கள் சீமையில் இருந்து கனிம ஆராய்ச்சி கற்றுவந்தவர். திரும்பி வரும்போது புகைபிடிக்க ஒரு சுங்கானும் ஒரு சோலாத் தொப்பியும் கொண்டுவந்தார். வெயிலுக்கு என்று ஏற்பட்ட அந்தத் தொப்பியை அவர் மாடிக்குள்ளே, மின்விசிறிக்குக் கீழே அணிந்தார். மறுவாரமே தலைமைக் குமாஸ்தா ஒரு தொப்பி வாங்கினார். மாதம் முடிவதற்குள் எண்ணெய் போடுகிறவனும் வாங்கிவிட்டான். அந்த வருஷம் மதுரையில் 'ஆராய்ச்சி' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு மவுசு. பல்பொடி விற்கிறவர்கூட ஆராய்ச்சிப் பல்பொடி என்றுதான் கூவினார்.

இந்த ஆபீசில் தொப்பி இல்லாத ஒரே ஆள் உதவி ஆராய்ச்சியாளன் சிவனாண்டி. தற்காலிக வேலையில் இருப்பவன் தொப்பி வாங்குவது அதிகப்பிரசங்கித்தனம் என்று பயந்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கம் அவன் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன். பரவையைத் தாண்டிக் கள்ளிக்கரடு கிராமத்தில் அவனுடைய தாய்மாமன் சுருளிக்கு அழகம்மாள் என்று ஒரு மகள். முறைப்பெண்தான், அவளுக்கும் சம்மதம்தான். ஆனால் மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

"மாப்ள, நீ தங்கமான பிள்ளை. ஆனா தற்காலிகமான தங்கமா இருக்கியே. வேலை நிரந்தரம்னு காயிதம் வரட்டும், அன்னைக்கே பூ வச்சிருவோம். ரேஷன் கடைக்காரன் ஒருத்தன் வேற பொண்ணு கேட்டு நடையா நடக்கான்."

யுத்தகாலத்தில் ரேஷன் கடைக்காரன் என்றால் குட்டி ஜமீன்தார்.

இந்த நிலையில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பங்குனிக்குள் உபயோகமான கனிமம் எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் கிளை மூடப்படும். தற்காலிக சிப்பந்திகள் முதலில் வீட்டுக்குப் போகலாம். டைரக்டர் அன்றே காந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருப்பரங்குன்றத்து மலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே முருகன் இருந்தாரே ஒழிய ஈயம் இல்லை. நாகமலைக்குப் போனார். அங்கே குரங்கு இருந்தது. ஐப்பசியில் ஒரு நாள், பரவைக்கு மேற்கே சுற்றும்போது, மத்தியானச் சாப்பாடு கள்ளிக்கரட்டில் மாமா வீட்டில் அமையும்படி சிவனாண்டி சாமர்த்தியமாக ஏற்பாடு செய்தான். அழகம்மாளைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, டைரக்டருக்குக் கோழிக் குழம்பு போட்ட மாதிரியும் ஆயிற்று.

கோழி நன்றாக அமைந்துவிட்டது. செரிப்பதற்காக டைரக்டர் ஊசியோடு உலாவப் போனார். கரட்டுக் கருப்பன் கோயிலுக்குப் பின்னால் இருந்த மேட்டருகே போனதும் ஊசி பேயாய்ச் சுற்றியது.

"சிவனாண்டி! இங்கே வாரும். ஊசியைப் பாரும்!"

சிவனாண்டி பார்த்தான். "ஆமா சார். அங்க அருவா புதைச்சிருக்கு சார்."

"எது புதைத்திருக்கிறது?"

"அருவா சார். கருப்பனுக்கு நேர்ந்துக்கிட்டுக் கொண்டுவந்து வைப்பாங்க. சாமிக்குக் குடுத்ததை விக்கவும் கூடாது, வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. துருப்பிடிச்சு விழுந்தா இந்த மேட்டுல புதைச்சிருவாங்க. பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து இதான் வழக்கம்."

"அது ஜனங்களின் நம்பிக்கை."

"நம்பிக்கை இல்ல சார். நானே கண்ணால பாத்திருக்கேன்."

"கண்ணால் பார்த்தது ஆராய்ச்சி ஆகாது. முறைப்படி மண் எடுத்து, பொட்டலம் கட்டி, முத்திரை வைத்து, பிறகு பார்க்க வேண்டும்."

சிவனாண்டி பூசாரி வீரணனைக் கூட்டிவந்து நிறுத்தினான். பூசாரியும் அதையே சொன்னார். டைரக்டர் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார்.

"நீர் இந்தத் துறையில் என்ன படித்திருக்கிறீர்?"

"படிக்கலீங்க சாமி. புதைச்சிருக்கேன்."

அந்தப் பதில் ஏற்கத்தக்கதாக இல்லை. மண் பொட்டலம் கட்டப்பட்டது.

சோதனையில் அந்த மண்ணில் இருந்த இரும்பு, உலகத்தில் எந்தச் சுரங்கத்திலும் இல்லாத அளவுக்கு இருந்தது. டைரக்டர் ராத்தூக்கம் இல்லாமல் ஒரு கட்டுரை எழுதினார். கள்ளிக்கரட்டு இரும்புத் தாது பிறை வடிவப் படிகங்களாகக் கிடைக்கிறது என்றும், படிகத்தின் ஒரு முனை மரத்தைப் போலவே இருப்பது பூகர்ப்ப விசித்திரம் என்றும், சில இடங்களில் தாது மணி வடிவில் உறைந்து, ஆட்டினால் சப்தம் செய்கிறது என்றும் அதில் கண்டிருந்தது. சில படிகங்களில் 'உபயம்' என்று ஆரம்பித்து ஆள் பேரும் ஊர்ப் பேரும் வெட்டியிருந்தன. "எழுத்து நம் இலாகாவைச் சேர்ந்ததல்ல" என்று டைரக்டர் அந்தத் துண்டுகளைச் சாசன இலாகாவுக்கு அனுப்பிவிட்டார்.

கள ஆய்வாளர் என்ற முறையில் சிவனாண்டியும் ஒரு அறிக்கை தர வேண்டியிருந்தது. அவன் 'அரிவாள்' என்று எழுதிக் கொண்டுபோனான்.

"இந்தச் சொல்லை மாற்றும்" என்றார் டைரக்டர்.

"நெசம் அதான சார்?"

"நிஜம்தான். நிஜத்தை எழுதினால் கிளையை மூடுவார்கள். கிளையை மூடினால் உமக்குக் கல்யாணம் ஆகாது என்று உம்முடைய மாமா கோழிக் குழம்பு ஊற்றும்போது என்னிடம் சொன்னார்."

சிவனாண்டி அரிவாளை அடித்துவிட்டுப் பிறை வடிவப் படிகம் என்று தன் கையாலேயே எழுதினான். வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

கார்த்திகையில் சுரங்கம் திறந்தது. மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டு, அன்னியர் பிரவேசிக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். ஊர் கொந்தளித்தது. சாமி சொத்தில் கைவைக்க இவர்கள் யார் என்று பெரிய கூட்டமே கூடிவிட்டது. டைரக்டர் பதறாமல், பூசாரி வீரணனுக்குச் சுரங்கப் பாதுகாவலர் உத்தியோகமும் பித்தளைப் பொத்தான் வைத்த ஒரு காக்கிச் சட்டையும் கொடுத்தார். பூசாரி சட்டையைப் போட்டுக்கொண்டு கருப்பன் முன்னால் உட்கார்ந்து உத்தரவு கேட்டார். பல்லி சொன்னது. பல்லி சொன்னதன் அர்த்தம் பூசாரிக்குத்தானே தெரியும்?

"சாமி வெட்டிக்கிறச் சொல்லுது" என்றார்.

ஊரில் ஆம்பளைகளுக்கு வெட்டுகிற வேலை, பொம்பளைகளுக்குச் சுமக்கிற வேலை. வாரக் கூலி, மத்தியானம் சர்க்கார் அரிசிச் சோறு. ஊர்க்கோபம் முதல் பந்தியிலேயே ஆறிவிட்டது. வயலில் நின்று வெயிலில் காய்ந்தவர்கள் எல்லாம் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். உளுந்து விதைக்கிற பருவம் வந்தது, போனது, யாரும் கவனிக்கவில்லை. சுருளி மாமா மேஸ்திரி ஆனார்.

தோண்டிய தாது வண்டி வண்டியாக மேலமாசி வீதிக்குப் போயிற்று. இரும்புக்கு நுரை தேவையில்லை, ஒரு காந்தத்தை வைத்தே பிரித்துவிடலாம் என்று சிவனாண்டி மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். காந்தம் வாங்க மானியம் இல்லை, நுரைக்குத்தான் மானியம் இருக்கிறது என்று பதில் வந்தது. நுரைக்கு வேண்டிய சீமை எண்ணெய் யுத்தத்தால் கப்பல் ஏறவில்லை. பூந்திக்கொட்டை போட்டார்கள். நுரை பொங்கி, மாடிப்படி வழியாக இறங்கி, ஜவுளிக்கடையைக் கடந்து தெருவுக்கு வந்தது. அக்கம்பக்கத்தார் அழுக்குத் துணிகளைக் கொண்டுவந்து துவைத்துக்கொண்டார்கள். யந்திரத்தால் பொதுமக்களுக்கு ஏற்பட்ட முதல் நன்மை என்று அது சென்னைக்குத் தெரிவிக்கப்பட்டது.

நுரையில் இரும்பு மிதக்கவில்லை. அடியில் தங்கியதைச் சாக்கில் அள்ளி அனுப்பினார்கள். சென்னையில் அதை என்ன செய்தார்கள் என்று தெரியாது. பாராட்டு வந்தது, அதுதான் முக்கியம்.

தை மாசம் மேடு தரையாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் புதைத்ததை ஊரார் மூன்று மாசத்தில் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து, மண்ணில் இருக்கும் தாதுப் படிவு இன்னும் எவ்வளவு காலத்துக்கு வரும் என்று கேட்டார்கள். டைரக்டர் சிவனாண்டியைப் பார்த்தார். சிவனாண்டி அழகம்மாளை நினைத்தான்.

"மாசிக் களரித் திருவிழாவுல கூடும் சார்."

"கூடுமா?"

"வருஷா வருஷம் மாசியில புதுசா அருவா வைப்பாங்கல்ல சார்."

டைரக்டர் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். உலகத்தில் தோண்டத் தோண்டக் குறைகிற சுரங்கங்கள்தான் உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் வளர்கிற சுரங்கம் கள்ளிக்கரட்டில்தான் இருக்கிறது என்று அவர் எழுதிய குறிப்பு டில்லி வரைக்கும் போனது. கிளை மூடும் உத்தரவு ரத்தாயிற்று. சிவனாண்டியை நிரந்தரம் செய்யும் விஷயம் 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது.

மாசிக் களரி வந்தது. ஜனம் வந்தது, பொங்கல் வந்தது, கிடா வந்தது, அரிவாள் வரவில்லை. இரும்புக்குக் கட்டுப்பாடு. கொல்லன் சுடலையின் உலை ஆறிக் கிடந்தது.

"ஒரு முழ இரும்பு வேணும்னாலும் பெர்மிட் கேக்கான்" என்றார் சுடலை. "சாமிக்குத்தான்னு சொன்னேன். சாமியே நேர்ல வந்து கையெழுத்துப் போடட்டுங்கான்."

விவசாயத்தில் மகசூல் குறைந்தால் என்ன செய்வார்கள்? விதை வாங்குவார்கள். டைரக்டர் 'படிவு வளர்ச்சிக்கு விதை இரும்பு' என்று கேட்டு எழுதினார். கூடல்நகர் ஸ்டேஷனில் முதல் தரமான இரும்புக் கம்பிகள் வந்து இறங்கின. யுத்தத்துக்கு இரும்பு இல்லை என்று நாடே தவித்தபோது, இரும்பு கண்டுபிடிப்பதற்காக இரும்பு வந்தது. சுடலை இரவுபகலாக அரிவாள் அடித்தார்.

அடித்த அரிவாளை நேரே புதைத்துவிட முடியுமா? முடியாது. டைரக்டர் சட்டத்தை விளக்கினார். கடையில் இருக்கும் அரிவாள் ஆயுதம். அது போலீஸ் இலாகா. நேர்ந்து வைத்தால் சாமி சொத்து. சாமி நிலத்தில் புதைந்து துருவேறினால்தான் கனிமம். அதாவது நம் இலாகா. ஆகவே ஊரார் வரிசையில் நின்று முறைப்படி நேர்ந்துகொள்ள வேண்டும், சிவனாண்டி மேற்பார்வை செய்ய வேண்டும்.

ஊராருக்கு வேண்டுதல் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. இருமலுக்கு நேர்ந்தார்கள், மாட்டுக்கு நேர்ந்தார்கள். ஒச்சம்மாள் என்கிற கிழவி மூன்றாம் தரம் வரிசையில் வந்தபோது கையை விரித்துவிட்டாள்.

"எனக்கு வேணுங்கிறதெல்லாம் கேட்டு முடிச்சிட்டேன் தம்பி. இனிமே பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் கேக்கணும்."

"அப்ப அவுகளுக்கு நேருங்க ஆத்தா."

"அவளுக்கு நல்லது நேர மனசு வரலையேப்பா!"

சர்க்கார் காரியம் என்று சொல்லி ஒருவழியாக நேர வைத்தான்.

அடுத்தது துரு. புதைத்த இடத்தில் பெண்கள் குடம் குடமாக உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். சித்திரை வெயிலில் ஊர்க் கிணறு வற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் படிவுக்குப் பாய்ச்சாமல் விட முடியுமா? துருவேறியதைத் தோண்டி, இடித்து, நுரைத்து, சாக்கில் கட்டி அனுப்பினார்கள். வண்டி நிறைய உள்ளே போன இரும்பு ஒரு சாக்காக வெளியே வந்தது. குறைவது ஆராய்ச்சியின் இயல்பு என்று டைரக்டர் குறித்தார்.

ஆனி கடைசியில் விதை இரும்பு நின்றுவிட்டது. இனிமேல் கம்பி கிடையாது. ஆடிக்குள் படிவு கூடியிருப்பதைக் காட்டாவிட்டால் சுரங்கம் மூடப்படும் என்று சென்னையிலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. சிவனாண்டியை டைரக்டர் தனியாகக் கூப்பிட்டார்.

"உம்முடைய நிரந்தர உத்தரவு என் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. படிவு கூடினால் கையெழுத்து. கூடாவிட்டால் நீர் ஊருக்குப் போகலாம், நானும் போகலாம்."

சிவனாண்டிக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒண்ணு கேக்கலாமா? அது அருவாதான்னு உங்களுக்கு எப்பவாச்சும் தோணுச்சா?"

டைரக்டர் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே சாதாரண வழுக்கைத் தலைதான் இருந்தது.

"எங்க அய்யாவே சாமிக்கு வச்சிருக்காருப்பா, சோழவந்தான் பக்கம். ரெண்டு ஆள் சேர்ந்து தூக்குற அருவா." தொப்பியின் உள்பக்கத்தைத் துடைத்தார். "சென்னையில இருக்கிற பெரிய அதிகாரிக்கும் தெரியும். அவரு திருநெல்வேலி." பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அளவு அறிக்கையை ஆடிக்குள் சமர்ப்பியும்" என்றார்.

ஆடி பிறந்ததும் கள்ளிக்கரட்டில் மழை கொட்டியது. பல வருஷமாக அப்படி ஒரு மழை இல்லை. மறுநாள் சிவனாண்டி போய் இறங்கியபோது செம்மண் வெண்ணெயாக நெகிழ்ந்து கிடந்தது. ஏர் பூட்டினால் தானே பிளந்துகொடுக்கும். ஊரே கோயில் திடலில் கூடியிருந்தது. ஆளாளுக்குக் கையில் இரும்பு. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உழவு வந்துவிட்டது; சனங்கள் ஏரும் கையுமாக நிற்கிறார்கள்; சுரங்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று தன்னை விரட்டப் போகிறார்கள். விரட்டட்டும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. வேலை போகும், ரேஷன் கடைக்காரன் அழகம்மாளைக் கட்டுவான், அழுகையாகத்தான் வந்தது. ஆனாலும் ஊர் சாப்பிடும், அது போதும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு திடலுக்கு நடந்தான்.

சுருளி மாமா முன்னால் வந்தார். அவர் கையில் இருந்தது ஏர் அல்ல. ஏரிலிருந்து கழற்றிய கொழு.

"மாப்ள, சேதி வந்துச்சு. இரும்பு பத்தலையாமே?"

"பத்தல மாமா. மூடிருவாங்க. நல்லதுதான். மழை பெஞ்சிருக்கு, நீங்க போய் உழுங்க."

"மூடவாவது! என்ன பேச்சு பேசுற?" மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் மேஸ்திரி. உங்க அத்தைக்குச் சமையக் கூடத்துல வேலை. சுடலைக்கு உலை எரியுது. வீரணனைப் பாரு, சட்டையைக் கழட்டுனா செத்துருவான். உன் வேலைன்னு மட்டும் நெனைக்காத மாப்ள. ஊரே கூடிப் பேசிட்டோம். அவனவன் கொழுவைக் கழட்டிக் கொண்டாந்தாச்சு. கடப்பாரை, மம்பட்டி எல்லாம் இருக்கு. நேர்ந்துக்கிட்டுக் குடுக்குறோம். எழுதிக்க."

"கொழுவைக் குடுத்துட்டு எதை வச்சு உழுவீக?"

"உழுது என்னைக்கு மாப்ள மத்தியானச் சோறு கெடச்சிருக்கு? சர்க்கார் போடுது, திங்கிறோம்."

"சர்க்காருக்கு அரிசி எங்கேருந்து மாமா வருது?"

மாமா யோசித்தார். கூட்டமும் யோசித்தது. "அது வேற இலாகா" என்றார் மாமா.

எல்லாரும் தலையாட்டினார்கள். தராசு வந்தது. கூட்டத்தில் நின்ற அழகம்மாள், அப்பன் கையிலிருந்த கொழுவை வாங்கி சிவனாண்டியின் இரண்டு கையிலும் வைத்தாள். தேய்ந்து பளபளத்த கொழு. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இந்தாங்க மச்சான், உங்க உத்தியோகம். பத்திரமாப் புதைங்க."

அவளுடைய கண்ணைப் பார்க்க அவனால் முடியவில்லை. கீழே போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. தராசில் வைத்து எடை பார்த்து, நேர்த்திக்கடன் என்று சொல்லச் சொல்லி, விதிப்படி ரசீது கிழித்துக் கொடுத்தான். அடுத்த ஆள் வந்தான்.

சாயங்காலத்துக்குள் ஊரில் இருந்த இரும்பெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. மறுபடி தூறல் ஆரம்பித்தது. உழவுக்கென்றே வந்த மாதிரி நின்று நிதானமாகப் பெய்தது. பூசாரி வீரணன் காக்கிச் சட்டையோடு எல்லாருக்கும் திருநீறு கொடுத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டித் துளியை ஏந்திப் பார்த்தார்.

"நல்ல மழைப்பா. இந்த வருசம் சீக்கிரமே துருப்பிடிச்சிரும்."

ஊரே கையெடுத்து வானத்தைக் கும்பிட்டது.